மூன்று கொட்டேஷன், ஒரு மொட்டை மாடி: சோலார் கட்டுப்படியாகுமா என்று ஒரு வீடு போட்ட கணக்கு

வருஷத்தில் பெரும்பாலான நாள் வெயில் கொளுத்தும் ஊரில் சொந்த வீடு. மாதாமாதம் பில் கட்டும்போது வயிறு எரிகிறது. மொட்டை மாடியோ காலியாகக் கிடக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த வீட்டிலும் சோலார் பேச்சு வந்துவிடும். நான் எழுதப்போகிற வீட்டிலும் அப்படித்தான் வந்தது. கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் மகள், நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கும் பாட்டி என நான்கு பேர். கையில் மூன்று நிறுவனங்களின் கொட்டேஷன் இருந்தது. "இதில் எதை எடுக்கலாம், ஒன்றும் வேண்டாமா?" என்று கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். முதல் நாள் மாடி ஏறியதில் தொடங்கி, பேனல் போட்டு ஒரு வருஷம் முடிந்த பிறகு கணக்கை மறுபடி பார்த்தது வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

இந்த வீட்டின் கணக்கில் ரூபாய், டாலர் என்று எதுவும் வராது. ஊருக்கு ஊர் விலை வேறு, கட்டணம் வேறு. அதனால் மின்வாரியத்திடம் ஒரு யூனிட் வாங்க என்ன கொடுக்கிறோமோ, அதையே நாணயமாக வைத்துக்கொண்டேன். "22,000 யூனிட் விலை" என்று எழுதினால், 22,000 யூனிட் மின்சாரம் வாங்கப் போதுமான பணம் என்று பொருள். உங்கள் ஊர்க் கட்டணத்தால் பெருக்கினால் உங்கள் பணத்தில் விடை வந்துவிடும். வெவ்வேறு நாட்டு விலைகளை ஒப்பிடவும் இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. கட்டணம் அதிகமுள்ள இடத்தில் அதே பேனல் மலிவாகிவிடும், கட்டணம் குறைந்த இடத்தில் விலை ஏறிவிடும். இந்த நாணயத்தில் அது தானாகவே தெரிந்துவிடுகிறது.

வீடு வருஷத்துக்கு 5,400 யூனிட் செலவழிக்கிறது. மாதச் சராசரி 450. கோடையில் 600 தாண்டும், குளிர் மாதங்களில் 320-க்கு இறங்கும்.

கொட்டேஷன்கள் சொன்னதும் சொல்லாததும்

முதல் கொட்டேஷன் 5 கிலோவாட், விலை 35,000 யூனிட். "பில் பூஜ்யம், ஆறரை வருஷத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆறரை எப்படி வந்தது என்று பார்த்தேன். 35,000-ஐ 5,400-ஆல் வகுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வீடு வாங்கும் ஒவ்வொரு யூனிட்டையும் சோலார் ஈடுகட்டிவிடும், பகலில் மிச்சமாகி மின்வாரியக் கம்பி வழியே வெளியே போகும் யூனிட்டுக்கும் இரவில் உள்ளே வரும் யூனிட்டுக்கும் ஒரே மதிப்பு என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

இரண்டாவது 3 கிலோவாட். 500 வாட் பேனல் ஆறு, விலை 21,400. இதில் வாக்குறுதி எதுவும் இல்லை. பொருள்களின் பட்டியலும் உத்தரவாதக் காலமும் மட்டும்தான் இருந்தன.

மூன்றாவதைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்கு ஆசை வந்துவிட்டது. 4 கிலோவாட், வட்டியே இல்லாத கடன், 12 வருஷத் தவணை, மாதம் 278. "கையில் ஒரு காசும் போடவேண்டாம் சார்" என்றாராம் விற்க வந்தவர். தவணையை 144 மாதத்தால் பெருக்கினால் 40,000 வருகிறது. "ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு?" என்று அவரிடமே போனில் கேட்கச் சொன்னேன். கொஞ்சம் இழுத்து, 28,500 என்றார். வட்டி எங்கும் போய்விடவில்லை. விலைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது, ஏறத்தாழ 40 விழுக்காடு. இது ஒரு விற்பனையாளர் செய்த தனித் தந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் விவரித்தது. சோலார் கடனில் "டீலர் கட்டணம்" என்ற பெயரில் ரொக்க விலைக்கு மேல் 30 விழுக்காடும் அதற்கு மேலும் ஏற்றி, அதை அசலோடு சேர்த்துவிடுகிறார்கள் என்று அதில் இருந்தது. தவணைத் திட்டம் எதைக் காட்டினாலும் முதலில் ரொக்க விலையை எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி இந்த வீட்டுக்கு 11,500 யூனிட் விலையை மிச்சப்படுத்தியது.

பேனல் விலை இன்று பெரிய தடையாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் சிலிக்கான் சோலார் செல்லை உலகுக்குக் காட்டியபோது அதன் திறன் சுமார் 6 விழுக்காடு. விலையோ விண்கலம் அனுப்புகிறவர்களுக்குத்தான் எட்டும். உலகில் பேனல் உற்பத்தியின் மொத்த அளவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் விலை சுமார் 20 விழுக்காடு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. 2010-களின் பத்தாண்டில் மட்டும் 90 விழுக்காட்டுக்கு அருகில் சரிந்தது. இன்று கொட்டேஷனின் பெரும்பகுதி பேனலுக்குப் போவதில்லை. பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர், இரும்புச் சட்டம், வயரிங், ஆள் கூலி, அனுமதி, விற்பனைக் கமிஷன் என்று பிரிந்து போகிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு வாட் சோலாரை மாடியில் ஏற்ற ஆகும் செலவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் அமெரிக்காவில் ஆகிறது. பேனல் ஏறக்குறைய அதேதான். அனுமதிக்காகக் காத்திருப்பது, வாடிக்கையாளரைப் பிடிக்கச் செய்யும் செலவு, நகரத்துக்கு நகரம் மாறும் விதிகள் எல்லாம் வீட்டுக்காரர் தலையில்தான் விழுகின்றன.

சாக்பீஸ் கோடுகள்

விலையை விட்டுவிட்டு மாடிக்குப் போனோம். இரண்டாவது நிறுவனம் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஆறு பேனலையும் வரைந்திருந்தது. கேபிள் நீளம் குறையும் என்பது அவர்கள் காரணம். அந்த வீட்டு மகளுக்கு அன்று விடுமுறை. அவளிடம் ஒரு சாக்பீஸ் கொடுத்து, மணிக்கொரு முறை தொட்டியின் நிழல் தரையில் எங்கே விழுகிறதோ அங்கே கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதச் சொன்னேன். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை ஐந்து வரை ஒன்றுகூட விடாமல் போட்டிருந்தாள். சூரியன் நன்றாகச் சாய்ந்து போகும் மாதம் அது, அதாவது நிழல் மிக நீளமாக விழும் காலம். மூன்று மணிக் கோடு, வரைபடத்தில் ஐந்தாவது பேனல் வரவேண்டிய இடத்தை வெட்டிக்கொண்டு போனது. நான்கு மணிக் கோடு இரண்டு பேனலை விழுங்கிவிட்டது.

இரண்டு பேனல்தானே என்று விட முடியாது. ஆறும் ஒரே சரமாக, தொடர் இணைப்பில் போகின்றன. வரிசையில் ஒன்றில் மின்னோட்டம் குறைந்தால் அது மற்றவற்றையும் இழுத்துப் பிடிக்கும். நிழல் விழுந்த பகுதியைச் சுற்றி மின்னோட்டத்துக்கு மாற்று வழி தரும் பைபாஸ் டையோடு ஒவ்வொரு பேனலிலும் பொதுவாக மூன்று இருப்பதால் சரம் மொத்தமாகச் செத்துவிடாது. ஆனாலும் உள்ளங்கை அளவு நிழல், தான் மறைத்த பரப்பைவிடப் பல மடங்கு மின்சாரத்தைத் தின்றுவிடும். சட்டத்தை நான்கு மீட்டர் தள்ளிப்போட முடிந்தது. கூடுதல் கேபிளும் கொஞ்சம் உயரமான சட்டமும் சேர்ந்து விலை 21,400-லிருந்து 22,000 ஆனது. வீட்டுக்காரர் தயங்கினார். அவர் மனைவிதான் கோடுகளைக் காட்டி, "இருபத்தைந்து வருஷம் இதே நிழல் விழும். ஒரு தடவை அறுநூறு கொடுத்துவிடலாம்" என்றார்.

வெயில் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. வெப்பம் கூடினால் சோலார் அதிகமாகக் கொடுக்கும் என்று நினைக்கிறோம். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. பேனலின் மேல் அச்சிட்ட 500 வாட் என்பது ஆய்வகத்தில், சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியில், செல் வெப்பநிலை 25 டிகிரியில் அளந்த எண். கொதிக்கும் மாடியில் செல் 60, 65 டிகிரியைத் தொட்டுவிடும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறையும். ஆக, உச்சி வெயிலில் மட்டும் 12 முதல் 15 விழுக்காடு வரை போய்விடுகிறது. பேனலுக்கு அடியில் காற்று ஓடும்படி சட்டத்தை உயர்த்தச் சொன்னதற்கு நிழல் மட்டும் காரணமல்ல, இதுவும்தான். இவற்றையெல்லாம் கழித்து, கிலோவாட்டுக்கு வருஷம் 1,450 யூனிட் என்று வைத்தேன். முதல் நிறுவனம் 1,600 என்று போட்டிருந்தது.

மீட்டரைப் படித்த வாரம்

உண்மையில் கணக்கைத் தீர்மானித்தது இந்த வாரம்தான். இந்த வீட்டின் இணைப்பு விதிப்படி, வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு முழு விலை கிடைக்காது. வாங்கும் விலையில் 30 விழுக்காடு மட்டும்தான். அப்படியென்றால் மாடியில் விளையும் ஒவ்வொரு யூனிட்டும் அந்த நொடியே வீட்டுக்குள் செலவானால் மதிப்பு 1, வெளியே போனால் 0.3. ஒரே மின்சாரம், கதவைத் தாண்டியதும் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே ஒரு வாரம் முழுக்க காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை நான்கு, இரவு எட்டு என்று மீட்டர் எண்ணைக் குறிக்கச் சொன்னேன். பாட்டிதான் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிய எண்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. எட்டிலிருந்து நான்கு வரை வீடு செலவழிப்பது மொத்தத்தில் 38 விழுக்காடு என்று தெரிந்தது. எல்லோரும் வேலைக்குப் போய்விடும் வீடாக இருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது. பாட்டி வீட்டில் இருப்பதும், அவர் அறையில் ஓடும் மின்விசிறியும் ஏசியும் சோலார் கணக்குக்குச் சாதகமாக அமைந்துவிட்டன.

இப்போது கணக்கைப் பாருங்கள். 3 கிலோவாட் வருஷத்துக்கு 4,350 யூனிட் தரும். எட்டுக்கு முன்னும் நான்குக்குப் பின்னும் வரும் கொஞ்சத்தையும் சேர்த்து, அதில் 2,100 வீட்டுக்குள் செலவாகும். மீதி 2,250 வெளியே போய் 675 யூனிட் மதிப்பைக் கொண்டுவரும். மொத்தப் பலன் 2,775. அதாவது 22,000 திரும்பிவர ஏறக்குறைய எட்டு வருஷம். முதல் நிறுவனத்தின் 5 கிலோவாட்டை இதே தராசில் நிறுத்தினால் 7,250 யூனிட் உற்பத்தியில் வீட்டுக்குள் 2,500-தான் செல்லும். மீதி எல்லாம் 0.3-க்குப் போகும். பலன் 3,925, திரும்ப ஒன்பது வருஷம். கூடுதலாகக் கேட்ட 13,000, மலிவு விலைக்கு விற்க மட்டுமே உதவும் பேனல்களுக்கு. "பில் பூஜ்யம்" என்பது இந்த மீட்டர் விதியின்கீழ் நடக்காத காரியம். போன யூனிட்டுக்கும் வந்த யூனிட்டுக்கும் ஒரே விலை தரும் பழைய நெட் மீட்டர் முறை இங்கே இருந்திருந்தால், அதே 3 கிலோவாட் ஐந்து வருஷத்தில் பணத்தைத் திருப்பியிருக்கும். வெயில் அதே, மாடி அதே, மாறியது விதி ஒன்றுதான்.

இந்த விதிகள் நடுவழியில் மாறும் என்பதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துவது. உலகின் வெயில் மிகுந்த பல பகுதிகளில் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 1990-களிலிருந்தே நெட் மீட்டர் முறையைக் கொண்டிருந்தது. 2022 டிசம்பரில் அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் விதியை மாற்றியது. 2023 ஏப்ரல் நடுவிலிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு வெளியே அனுப்பும் யூனிட்டின் மதிப்பு சுமார் 75 விழுக்காடு குறைந்தது. பழையவர்களின் ஒப்பந்தத்தைத் தொடவில்லை என்பது ஓர் ஆறுதல். பக்கத்து மாநிலமான நெவாடாவில் அந்த ஆறுதலும் இல்லை. 2015 டிசம்பரில் எடுத்த முடிவு, ஏற்கெனவே பேனல் போட்டிருந்தவர்களையும் சேர்த்துத் தாக்கியது. நிலைக்கட்டணம் ஏறியது, அனுப்பும் யூனிட்டின் விலை இறங்கியது. எதிர்ப்புக் கிளம்பி 2016-இல் பழையவர்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. 2017-இல் புதிய சட்டம் வந்து ஓரளவு சரியானது. சொந்தப் பேனல் மின்சாரத்தைத் தாமே செலவழிப்பவர்கள்மேல் ஸ்பெயின் 2015-இல் கொண்டுவந்த கட்டணத்தை மக்கள் "சூரிய வரி" என்றே அழைத்தார்கள். 2018 அக்டோபரில்தான் அது ஒழிந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் நேர் எதிர்த் திசையில் தவறியது. 2010 ஜனவரியில் ஒரு யூனிட்டுக்கு 60 சென்ட் என்று அள்ளிக் கொடுத்தது, கூட்டம் குவிந்தது, அதே ஆண்டு அக்டோபரில் புதியவர்களுக்கு 20 சென்ட் என்று இறக்கியது. 2016 டிசம்பர் 31-இல் திட்டமே முடிந்தது.

மின்வாரியங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். எல்லார் மாடியும் ஒரே நேரத்தில், அதாவது நடுப்பகலில் கொட்டுகின்றன. அப்போது மின்சாரத்துக்குத் தேவை குறைவு. சூரியன் மறைந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் கேட்கிறார்கள். கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், மாலை நேரத்துக்கான மின்நிலையம் இவற்றின் செலவு குறைவதில்லை. பேனல் போட்டவர் பில்லில் கழன்றுகொண்டால், போட முடியாதவர் அதைச் சுமக்க வேண்டும். வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் இருப்பவர்கள்தான் அந்த "போட முடியாதவர்கள்". 2024-இல் மட்டும் பாகிஸ்தான் சுமார் 17 கிகாவாட் (ஒரு கிகாவாட் என்பது பத்து லட்சம் கிலோவாட்) பேனல் இறக்குமதி செய்தது. கட்டணம் தாங்காமல் மக்கள் தம் கைக்காசைப் போட்டு வாங்கினார்கள். வாங்க வழியில்லாத வீடுகள் அதே விலையேறிய இணைப்பில் இருக்கின்றன. இதை நினைக்கும்போது முழு நெட் மீட்டர்தான் ஒரே நீதி என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒருவர் கடன் வாங்கி மாடியில் ஏற்றிய பிறகு விதியைப் பின்தேதியிட்டு மாற்றுவது அநியாயம். அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

அதனால் இந்த வீட்டுக்கு ஒரே ஒரு கொள்கை வைத்தேன்: வெளியே அனுப்புவதை நம்பாமல், உள்ளே செலவழிப்பதைக் கூட்டுவது. தண்ணீர் மோட்டாரை விடியற்காலையிலிருந்து பத்து மணிக்கு மாற்றினார்கள். வாஷிங் மெஷின் இரவிலிருந்து பகலுக்கு வந்தது. வெந்நீர்க் கொதிகலனுக்கு டைமர் போட்டு மதியம் சூடாக்கி வைக்கிறார்கள். ஏசியை மாலை ஆறுக்குப் பதிலாக மூன்று மணிக்கே போட்டு அறையைக் குளிரவைத்துவிடுகிறார்கள். வருஷத்துக்கு 600 யூனிட் இப்படி வெளியிலிருந்து உள்ளே நகரும் என்று மதிப்பிட்டேன். அதன் பலன் 420. மொத்தம் 3,195. திரும்பும் காலம் ஏழு வருஷத்துக்குள் வந்தது. ஒரு டைமர், கொஞ்சம் பழக்கமாற்றம், அவ்வளவுதான் செலவு. எந்தக் கொட்டேஷனும் இதைச் சொல்லவில்லை.

பேட்டரி பற்றியும் கேட்டார்கள். வெளியே போகும் மிச்சத்தையெல்லாம் சேமிக்கும் அளவு பேட்டரிக்கு 14,000 யூனிட் விலை. 1,500 யூனிட் சேமித்தால், சேமித்து எடுப்பதில் பத்தில் ஒரு பங்கு போக, 1,350 கைக்கு வரும். வெளியே அனுப்பியிருந்தால் கிடைத்திருக்கும் 450-ஐக் கழித்தால் நிகரப் பலன் 900. திரும்ப 15 வருஷத்துக்கு மேல். உத்தரவாதமோ 10 வருஷம். அடிக்கடி மின்வெட்டு இருக்கும் வீடு, உயிர்காக்கும் கருவி ஓடும் வீடு என்றால் கணக்கு வேறு. இங்கே வேண்டாம் என்றேன்.

வட்டி

பேனல் விலையைப் பற்றி ஊரே பேசுகிறது, வட்டியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சோலார் என்பது இருபத்தைந்து வருஷத்து மின் பில்லை முதல் நாளே கட்டுவது போன்றது. அதனால் அந்த முதல் நாள் பணத்துக்கு என்ன விலை என்பதுதான் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும்.

22,000-ஐ முழுக்கக் கடனாக வாங்கி 10 வருஷத்தில் கட்டுவதாக வையுங்கள். மாதப் பலன் 266. வட்டி 6 விழுக்காடு என்றால் தவணை 244: முதல் மாதத்திலிருந்தே கையில் மிஞ்சும். 8 விழுக்காடு என்றால் 267: சரிக்குச் சரி. 12 விழுக்காடு என்றால் 316: பத்து வருஷமும் மாதம் 50 கையிலிருந்து போடவேண்டும், மொத்தமாகக் கட்டுவது 38,000-ஐ நெருங்கிவிடும். மாடி மாறவில்லை, வெயில் மாறவில்லை. ஒரே சாதனம் ஒருவருக்கு வரவு, இன்னொருவருக்குச் சுமை.

ஜெர்மனி இதை முன்பே உணர்ந்தது. அங்கே ஒரு கிலோவாட் பேனல் வருஷத்துக்குத் தருவது ஏறக்குறைய 1,000 யூனிட்தான், நம் வெயில் பகுதிகளில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. ஆனாலும் கூரைச் சோலார் முதலில் பெரிதாகப் பரவிய நாடுகளில் அது ஒன்று. 1999-இல் ஒரு லட்சம் கூரைகளுக்கு அரசு வங்கி வழியாகக் குறைந்த வட்டிக் கடன் கொடுத்தார்கள். 2000-இல் வந்த சட்டம், அனுப்பும் யூனிட்டுக்கு 20 வருஷம் மாறாத விலையை உறுதி செய்தது. மேகமூட்டம் நிறைந்த நாட்டை மலிவான கடனும் மாறாத விதியும் தூக்கி நிறுத்தின. வெயில் கொட்டுகிற எத்தனையோ நாடுகளில் இந்த இரண்டும் இல்லாமல்தான் மாடிகள் காலியாகக் கிடக்கின்றன.

இந்த வீட்டுக்குத் தனிநபர் கடன் 12 விழுக்காட்டில் தயாராக இருந்தது, இரண்டே நாளில் கிடைக்கும். வேண்டாம் என்று தடுத்தேன். வீட்டுக் கடன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால், அதன்மேல் கூடுதல் கடனாக 8 விழுக்காட்டில் கேட்க முடிந்தது. ஐந்து வாரம் அலைந்தார்கள். சேமிப்பிலிருந்து 6,000 போட்டு, 16,000 கடன் வாங்கினார்கள். தவணை மாதம் 194. வீட்டுக்காரருக்கு அந்த அலைச்சலில் எரிச்சல் வந்ததுண்டு. ஆனால் 12-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம், அவர் மூன்று நிறுவனங்களிடமும் பேரம் பேசிக் குறைத்ததைவிடப் பல மடங்கு.

ஒரு வருஷம் கழித்து

4,350 வரும் என்று போட்டிருந்தேன். வந்தது 4,080. குறைந்த 270-இல் ஒரு பகுதி தூசி: மழையில்லாத மாதங்களில் பேனலில் படிந்த மண்ணை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவச் சொல்லியிருந்தேன், மாதத்துக்கு ஒருமுறைதான் நடந்தது. இன்னொரு பகுதி என் கண்ணுக்குத் தப்பியது. பொருத்த வந்தவர்கள் இன்வெர்ட்டரை மேற்குச் சுவரில் மாட்டிவிட்டார்கள். மதியத்துக்கு மேல் நேர் வெயில். சூடு ஏறினால் இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். மொபைலில் வரும் தினசரி உற்பத்தி வளைவு இரண்டு மணிக்குப் பிறகு வெட்டிவிட்டதுபோல் தட்டையாக இருந்ததை அந்த மகள்தான் பார்த்து எனக்கு அனுப்பினாள். நிழல் வாங்கும்படி ஒரு தகரத் தடுப்பும் இரண்டு பக்கமும் காற்று இடைவெளியும் வைத்ததும் வளைவு சரியானது. அதற்குள் வெயிலின் உச்சமான ஏழு வாரம் போய்விட்டது.

வீட்டுக்குள் செலவானது 2,520. வெளியே போனது 1,560, அதன் மதிப்பு 468. மொத்தப் பலன் 2,988, மாதத்துக்கு 249. தவணை 194 போக மாதம் 55 கையில் நிற்கிறது. பில் 5,400-லிருந்து 2,412-க்கு இறங்கியிருக்கிறது, பாதிக்கும் கீழே. பூஜ்யம் அல்ல.

பத்து வருஷத்தைக் கூட்டிப் பார்த்தால் இன்னும் நிதானம் வரும். போட்ட 6,000-உம் தவணைகளும் சேர்ந்து ஏறக்குறைய 29,300. பேனலின் திறன் வருஷத்துக்கு அரை விழுக்காடு தேய்வதைக் கழித்தால் பத்து வருஷப் பலன் ஏறக்குறைய 29,200. அதாவது கடன் முடியும் அன்று லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அதற்கப்புறம் வரும் பதினைந்து வருஷம்தான் இந்த வீட்டுக்குச் சொந்தம். அதிலும் பன்னிரண்டாவது வருஷம் வாக்கில் இன்வெர்ட்டர் மாற்ற 2,200 எடுத்துவைக்க வேண்டும். கட்டணம் உயரும் என்று நான் எங்கும் சேர்க்கவில்லை. உயர்ந்தால் நாள் முந்தும். இந்த எண்களைக் காட்டியபோது வீட்டுக்காரர் சற்று நேரம் பேசவில்லை. "ஏழு வருஷம் என்றீர்களே" என்றார். ஏழு என்பது வட்டி சேர்க்காத, தூசி படியாத கணக்கு. அதை முதல் நாளே இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது யார் கேட்டாலும் வட்டியோடு சேர்ந்த ஆண்டைத்தான் முதலில் சொல்கிறேன்.

அதே தெருவில் இன்னொரு வீட்டிலும் கேட்டார்கள். தனியாக வாழும் மூத்தவர், மாதம் 120 யூனிட் செலவு. செலவு கூடக் கூட யூனிட் விலையும் ஏறும் படிநிலைக் கட்டணத்தில் அவர் மிகக் குறைந்த படியில் இருக்கிறார். அவருக்கு ஒரு யூனிட் மிச்சப்படுத்தினால் கிடைப்பது சொற்பம். மேல்படியில் இருப்பவருக்கோ சோலார் முதலில் வெட்டுவது விலை அதிகமான யூனிட்டுகளைத்தான், அதனால் பலன் சராசரியைவிடக் கூடும். பெரியவருக்குப் பேனல் வேண்டாம், பழைய ஃபிரிட்ஜை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் வீட்டில் இப்போது இரண்டு வேலை மிச்சம். மாதம் மிஞ்சும் 55-இல் 18-ஐத் தனியே போட்டு வந்தால் பத்து வருஷத்தில் இன்வெர்ட்டருக்கான பணம் தயாராகிவிடும். அந்தக் கணக்கைத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாவது, பக்கத்து மனையில் இன்னொரு மாடி எழுப்பத் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சூரியன் சாய்ந்து போகும் மாதம் மறுபடி வந்ததும் மகள் சாக்பீஸோடு ஏறி, இந்த முறை அந்தப் பக்கத்திலிருந்து வரும் நிழலுக்குக் கோடு போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.